மலை இறங்க கியர் எதற்கு?

ஆஸ்திரியா நாட்டில் லியோகாங் என்று ஒரு மலை ஊர் இருக்கிறது. 2015-ம் ஆண்டு ஜூன் மாதம் அங்கே உலகக் கோப்பை சைக்கிள் பந்தயம் நடந்தது. மலை மேலே புறப்பட வேண்டும். அடிவாரம் வரை இறங்க வேண்டும். யார் குறைந்த நேரத்தில் வந்து சேருகிறாரோ, அவருக்கு முதல் பரிசு.

அமெரிக்க வீரர் ஆரோன் குவின் புறப்பட்டார். பெடலை ஓங்கி மிதித்தார். "டக்" என்று ஒரு சத்தம்! செயின் அறுந்துவிட்டது!

வேறு ஆளாக இருந்தால் சைக்கிளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். குவின் உட்காரவில்லை. செயின் இல்லாத சைக்கிளில் மலை முழுவதும் இறங்கினார். அடிவாரத்தில் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவர்தான் முதல்! செயினும் கியரும் ஒழுங்காக இருந்த அத்தனை பேரும் அவருக்குப் பின்னால்தான்!

அது ஏதோ அதிர்ஷ்டம் என்று சொல்லக்கூடும். அதற்கு முந்திய ஆண்டு, 2014-ல், நார்வே நாட்டில் உலகப் போட்டி நடந்தது. அங்கே நேகோ முலாலி என்ற வாலிபருக்கும் இதே கதிதான். புறப்பட்டவுடன் செயின் அறுந்தது. அவருக்கு 4-வது இடம் கிடைத்தது. உலகமே திரண்டு வந்த பந்தயத்தில் நான்காவது! ஒரு தடவை நடந்தால் அதிர்ஷ்டம். இரண்டு தடவை நடந்தால் காரணம் தேடத்தான் வேண்டும்.

காரணம் பெரிய ரகசியம் அல்ல. மலை இறங்கும்போது சைக்கிளை இழுத்துப் போவது மனிதனின் கால் அல்ல. பூமி இழுக்கிறது. சைக்கிள் ஓடுகிறது. அங்கே கியருக்கு என்ன வேலை?

இதைக் கேட்டால் கடைக்காரர்களுக்குக் கோபம் வரும். ஏழு கியர், பதினெட்டு கியர், இருபத்தொரு கியர் என்று அடுக்கி வைத்துத்தான் இன்று சைக்கிள் விற்பனை நடக்கிறது. எத்தனை கியர் என்று கேட்டுத்தான் பையன்களும் அடம் பிடிக்கிறார்கள். ஆனால், மலையில் சைக்கிள் விடும் இந்த விளையாட்டு பரவியதே, கியர் இல்லாத ஓட்டை சைக்கிளில்தான். அந்தக் கதை சுவையானது.

5 டாலர் சைக்கிள்

அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில், சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் என்று ஒரு மாவட்டம். அங்கே டமால்பயஸ் என்ற மலை இருக்கிறது. 2,571 அடி உயரம். ரொம்ப உயரமான மலை என்று சொல்ல முடியாது. ஆனால் அதைச் சுற்றிக் காட்டுத் தீயை அணைக்க லாரி போவதற்காக வெட்டிய மண் பாதைகள் ஏராளம்.

அந்த மலை அடிவாரத்தில் 1970-களில் சில வாலிபர்கள் இருந்தார்கள். சார்லி கெல்லி ஒருவர். ஒரு பாட்டுக் குழுவுக்கு வாத்தியங்களை ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. கேரி பிஷர் ஒருவர். இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். ஜோ பிரீஸ் என்று இன்னொருவர். எல்லோரும் தார் ரோட்டில் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவர்கள். அவர்கள் வீட்டில் பத்து கியர் வைத்த மெல்லிய பந்தய சைக்கிள் இருந்தது. கியர் என்றால் என்ன என்று தெரியாத பட்டிக்காட்டான்கள் அல்ல!

ஆனாலும் மலைப் பாதைக்குப் போகும்போது அந்த சைக்கிளை அவர்கள் எடுக்கவில்லை. மெல்லிய டயர் கல்லில் பட்டால் கிழிந்துவிடும். ரிம் வளைந்துவிடும். எனவே, பழைய சாமான் கடைகளிலும் வீட்டுக் கொட்டகைகளிலும் தேடினார்கள். ஷ்வின் கம்பெனி 1930-களிலும் 40-களிலும் செய்த சைக்கிள்கள் துருப் பிடித்துக் கிடந்தன. பத்திரிகை போடும் பையன்கள் ஓட்டிய சைக்கிள்கள். 5 டாலர் கொடுத்தால் ஒன்று கிடைக்கும்.

அதன் எடை சுமார் 50 ராத்தல். அதாவது 23 கிலோ. முன்னால் ஒரு பல்சக்கரம். பின்னால் ஒரு பல்சக்கரம். கியர் கிடையாது. டயர் மட்டும் தடிமன்! இரண்டு அங்குலத்துக்கு மேல். 1933-ல் அந்தக் கம்பெனி கொண்டுவந்த "பலூன்" டயர் அது. இன்றைய மலை சைக்கிள்களின் தடித்த டயருக்கு அதுதான் பாட்டன்.

மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள். ஸ்டாண்டைக் கழற்றினார்கள். பெட்ரோல் டாங்கி மாதிரி அழகுக்கு வைத்திருந்த தகரத்தையும் கழற்றினார்கள். மிஞ்சிய எலும்புக்கூட்டுக்குக் "கிளங்கர்" என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் "லொடலொட்டை"!

கடிகாரம் வந்தது

அந்த மலைப் பக்கம், பேர்பாக்ஸ் என்ற ஊருக்கு அருகே ஒரு பாதை உண்டு. நீளம் சுமார் 2 மைல். அதற்குள் 1,300 அடி இறக்கம். எட்டு அடி முன்னால் போனால் ஒரு அடி கீழே போயாக வேண்டும்! நடுவில் கல், மண், பள்ளம், குருட்டு வளைவு.

வாலிபர்கள் சேர்ந்தால் சும்மா இருப்பார்களா? நான்தான் வேகம், நீ இல்லை என்று தகராறு. அதைத் தீர்க்கச் சார்லி கெல்லி பந்தயம் வைத்தார். 1976-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி முதல் பந்தயம் நடந்தது. ஒருவர் புறப்பட்டு 2 நிமிடம் கழித்து அடுத்தவர் புறப்பட வேண்டும். மேலே ஒரு கடிகாரம். கீழே ஒரு கடிகாரம். அவ்வளவுதான் ஏற்பாடு.

முதல் பந்தயத்தில் ஆலன் பாண்ட்ஸ் என்பவர் வென்றார். எப்படி வென்றார் தெரியுமா? அவர் கீழே விழவில்லை! அன்றைக்கு அதுவே போதுமான திறமையாக இருந்தது.

பிறகு நேரம் குறைந்துகொண்டே வந்தது. கேரி பிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கினார். ஜோ பிரீஸ் 4 நிமிடம் 24 விநாடி. நடந்த 24 பந்தயங்களில் 10 பந்தயங்களை ஜோ பிரீஸ் வென்றார். பெண்களும் சளைக்கவில்லை. வெண்டி கிராக் என்ற பெண்மணி அந்தக் கனத்த சைக்கிளில் அதே பாதையில் இறங்கினார். பெண்களில் மிகக் குறைந்த நேரம் அவருடையதுதான். அந்த நாட்களை இன்று கண்ணால் பார்க்க முடிகிறது என்றால், அதற்கும் அவர்தான் காரணம். சவாரி போகும்போது காமிராவையும் கொண்டு போய், நூற்றுக்கணக்கில் படம் எடுத்து வைத்தார்.

கிரீஸ் புகைந்தது!

அந்தப் பாதைக்கு "ரீபேக்" என்று பெயர். "மறுபடி அடைப்பது" என்று அர்த்தம். எதை அடைப்பது? கிரீசை!

பழைய சைக்கிளில் கைப்பிடி பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின்சக்கரம் நிற்கும். "கோஸ்டர் பிரேக்" என்று அதற்குப் பெயர். பின்சக்கரத்தின் நடுவில், அச்சைச் சுற்றி இருக்கும் குடத்துக்குள் அந்த பிரேக் அடங்கியிருக்கிறது. காலைப் பின்னால் அழுத்தினால், உள்ளே இருக்கும் துண்டுகள் விரிந்து குடத்தின் சுவரை உரசுகின்றன. சக்கரம் நிற்கிறது. தட்டையான தெருவில் இது அருமையான பிரேக். மழையில் நனையாது. கம்பி அறுந்து போகும் என்ற பயம் இல்லை.

ஆனால் மலையில்?

ஒரு கணக்குப் பாருங்கள். 70 கிலோ மனிதன். 23 கிலோ சைக்கிள். 1,300 அடி இறங்குகிறார்கள். அந்த இறக்கத்தின் சக்தி முழுவதும் சூடாக மாறினால், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும்! ஒரு குடும்பத்துக்குக் காப்பி போடலாம்! அதில் ஒரு பங்கு காற்றைக் கிழிப்பதில் போகும். ஒரு பங்கு டயரில் போகும். மிச்சம் இருக்கும் சூடெல்லாம் ஒரு கைப்பிடி அளவுள்ள அந்தக் குடத்துக்குள் போக வேண்டும். அதுவும் ஐந்து நிமிடத்துக்குள்!

குடம் பழுத்துவிடும். உள்ளே இருக்கும் கிரீஸ் உருகும். பிறகு புகையும். சைக்கிளின் பின்னால் வால் மாதிரி புகை! அடிவாரத்துக்கு வந்தால் குடத்தைக் கழற்றிப் புது கிரீஸ் அடைத்தால்தான் சைக்கிள் மறுபடி ஓடும். அதனால்தான் பாதைக்கே "ரீபேக்" என்று பெயர்!

முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது.

ஆரோன் குவினுக்குச் செயின் அறுந்தது. வென்றார். ரீபேக் பாதையில் ஓட்டிய ஒரு வாலிபருக்குச் செயின் அறுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? காலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கிறது என்றால், காலின் பலத்தைக் குடத்துக்குக் கொண்டு போவது செயின். செயின் போனால் பிரேக்கும் போனது! குவினின் சைக்கிளில் இரண்டு சக்கரத்திலும் தனித்தனி டிஸ்க் பிரேக் இருந்தது. செயினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதனால் உயிரோடு வந்தார். பரிசும் வாங்கினார்.

ஆகவே, "ஒற்றைப் பல்சக்கரம் போதும்" என்று சொல்வது சரி. "பழைய சைக்கிளே போதும்" என்று சொல்வது தவறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அமெரிக்காவிலும் உண்டு. பழைய கிளங்கரை எடுத்துத் துடைத்து, பழைய பிரேக்கோடு மலையில் ஏறி, "அந்தக் காலம் மாதிரி வருமா!" என்று பெருமூச்சு விடுகிறார்கள். அந்தக் காலத்து வாலிபர்களே அந்த பிரேக்கை விட்டு ஓடினார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்!

பிஷர் 1975-லேயே தம் சைக்கிளுக்கு டிரம் பிரேக் பொருத்திக்கொண்டார். கூடவே கியரும் பொருத்தினார். அவர்தான் பிறகு எல்லோரையும் விட வேகமாக இறங்கியவர். "அப்படியானால் கியர்தானே ஜெயித்தது?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இறக்கத்தில் கை கொடுக்கக்கூடியது கியரா, பிரேக்கா? நல்ல பிரேக் உள்ளவன்தான் வளைவின் வாசல் வரை வேகமாகப் போகத் துணிவான். பிரேக் சரியில்லாதவன் நூறு அடிக்கு முன்பே பயந்து பயந்து காலை அழுத்துவான். வேகமாகப் போவதற்கே பிரேக் வேண்டும்!

ஏறுவதற்கு வந்த கியர்

பிறகு கியர் எதற்கு வந்தது? ஏறுவதற்கு!

50 ராத்தல் சைக்கிளை ஒற்றைப் பல்சக்கரத்தில் மிதித்து மலை ஏற முடியாது. எனவே ரீபேக் வாலிபர்கள் அதைத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். அல்லது யாராவது சிறு லாரி வைத்திருந்தால் அதில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாலரை நிமிடம் இறங்க, அரைநாள் தள்ளுவதா? அதே கலிபோர்னியாவில் குப்பர்டினோ என்ற ஊரிலிருந்து வந்த சில வாலிபர்கள், தடித்த டயர் சைக்கிளில் கியர் பொருத்தியிருந்தார்கள். 1974 டிசம்பரில் மரினில் நடந்த ஒரு பந்தயத்துக்கு அந்த சைக்கிள்களில் வந்தார்கள். பார்த்தவர்களுக்கு மூளை வேலை செய்தது.

1977-ல் ஜோ பிரீஸ் மலைக்கென்றே புதுச் சட்டம் செய்து புது சைக்கிள் கட்டினார். அந்த முதல் சைக்கிள் இன்று வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979-ல் பிஷரும் கெல்லியும் கம்பெனி தொடங்கினார்கள். 1981-ல் இன்னொரு கம்பெனி ஜப்பானில் செய்வித்து, 15 கியர் வைத்த மலை சைக்கிளை ஊரெல்லாம் விற்றது. 5 டாலர் சைக்கிள் 750 டாலர் ஆயிற்று! 1990-ல் உலகப் போட்டி வந்தது. 1996-ல் ஒலிம்பிக்கிலும் மலை சைக்கிள் நுழைந்தது. ஆனால் அது ஏறி இறங்கி ஓடும் பந்தயம். இறங்கும் பந்தயம் மட்டும் இன்னும் ஒலிம்பிக் வாசலுக்கு வரவில்லை.

கொலராடோ மாகாணத்திலும் ஒரு வேடிக்கை நடந்தது. ஆஸ்பென் என்ற பணக்கார ஊரிலிருந்து சிலர் மோட்டார் சைக்கிளில் மலை தாண்டி, கிரெஸ்டட் பியூட் என்ற சின்ன ஊருக்கு வந்து, மதுக்கடை வாசலில் வண்டிகளை நிறுத்திப் பெருமையடித்தார்கள். சின்ன ஊர்க்காரர்களுக்கு ரோஷம் வந்தது. 1976 செப்டம்பரில், கியர் இல்லாத பழைய சைக்கிள்களை எடுத்துக்கொண்டு, சுமார் 12,700 அடி உயரமுள்ள பேர்ல் கணவாயைத் தாண்டி ஆஸ்பென் போய்ச் சேர்ந்தார்கள்! வழியில் பாதி தூரம் சைக்கிளை அவர்கள் தள்ளினார்களா, சைக்கிள் அவர்களைத் தள்ளியதா என்று கேட்கக்கூடாது. ரோஷம் தீர்ந்தது. அதுதான் முக்கியம்.

ஆக, கியர் கெட்டது அல்ல. மலை ஏற நினைப்பவனுக்கு அது வரப்பிரசாதம். இறங்க நினைப்பவனுக்கு அது அதிகப்படி சாமான். இந்த வித்தியாசத்தைக் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மிதிக்கவே வேண்டாம்

இன்றும் பல நாடுகளில், கியர் வாங்கப் பணம் இருந்தும், ஒற்றைப் பல்சக்கர மலை சைக்கிளை விரும்பி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஆண்டுதோறும் ஒரு பந்தயமும் நடக்கிறது. அதில் ஜெயித்தவருக்குக் கோப்பை முக்கியம் அல்ல. உடம்பில் பச்சை குத்திவிடுகிறார்கள்! ஜெயித்தவர் மறுக்கக்கூடாது. கிறுக்குப் பேர்வழிகள்தான்!

ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்தில் கிறுக்கு இல்லை. கியர் சைக்கிளில் பின்சக்கரத்தின் அச்சுக்குக் கீழே, கியர் மாற்றும் கருவி ஒரு கொக்கி மாதிரி தொங்குகிறது. மலைப் பாதையில் கல் அதில்தான் மோதும். வளையும். உடையும். ஒற்றைப் பல்சக்கரத்தில் அந்தக் கொக்கி இல்லை. செயின் இறுக்கமாக ஓடுகிறது. குலுங்கி அடிக்காது. கழன்று விழுவது அபூர்வம். மண்ணும் சேறும் பட்டால் துடைத்து எண்ணெய் விட்டால் போதும். பழுது பார்க்கத் தெரியாத பையனும் தானே பார்த்துக்கொள்வான்.

வேகம் வருமா? கணக்கு இருக்கிறது. முன்னால் 32 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். 26 அங்குலச் சக்கரம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் சுமார் மூன்றே முக்கால் மீட்டர் போகும். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் மிதிக்க வேண்டுமானால், நிமிடத்துக்கு 180 சுற்று மிதிக்க வேண்டும். சாதாரண ஆளால் ஆகிற காரியமா? ஆகாது! எனவே அவன் மிதிப்பதில்லை. இரண்டு பெடலையும் ஒரே மட்டமாக வைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். முழங்காலும் முழங்கையும் மடங்கி, ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கின்றன. இடுப்பு பின்பக்கம் போகிறது. கண் முன்சக்கரத்தைப் பார்ப்பதில்லை. முப்பது அடிக்கு அப்பால் என்ன கல், என்ன வளைவு என்று பார்க்கிறது. வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடிப்பவன் சறுக்குவான். நுழையும் முன்பே பிடித்து, பிறகு விட்டுவிடுபவன் தப்புவான்.

பழைய கோஸ்டர் பிரேக்கில் இங்கேயும் ஒரு சங்கடம் உண்டு. பெடலைப் பின்னால் சுற்றினால் பிரேக் பிடித்துவிடும் அல்லவா? எனவே விரும்பியபோது பெடலை மட்டமாகத் திருப்பி வைக்க முடியாது. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்ற நிலையில் கல் வந்தால், கீழே இருக்கும் பெடல் கல்லில் இடிக்கும். ஆள் குட்டிக்கரணம்! பிரீவீல் வைத்த ஒற்றைப் பல்சக்கரத்தில் இந்தத் தொல்லை இல்லை.

இறக்கத்தின் நடுவே சமதரை வந்தால்? அங்கே கியர்காரன் முந்துவான். அதில் சந்தேகம் இல்லை. ஒற்றைப் பல்சக்கரக்காரன் காலைக் கடகடவென்று சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு பேசாமல் பின்னால் வர வேண்டியதுதான். பந்தயத்துக்குப் போகிறவனுக்கு இது நஷ்டம். ஞாயிற்றுக்கிழமை சவாரிக்குப் போகிறவனுக்கு என்ன நஷ்டம்?

தலைக்கு ஒன்றும் இல்லை

வெண்டி கிராக் எடுத்த பழைய படங்களைப் பார்த்தால் மனம் பதறும். ஜீன்ஸ் கால்சட்டை, தடித்த பூட்ஸ், தோல் கையுறை. கைக்கும் காலுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. தலைக்கு? பலருக்கு ஒன்றும் இல்லை! காற்றில் தலைமயிர் பறக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்லுக்கு அழகு தெரியாது.

அந்த வாலிபர்களைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது நியாயம் அல்ல. துணிச்சலைப் பார்த்துப் பழகலாம். வெறுந்தலையைப் பார்த்துப் பழக வேண்டியதில்லை. இன்று இறக்கப் பந்தயத்தில் முகம் முழுவதும் மூடும் தலைக்கவசம் இல்லாமல் யாரையும் புறப்பட விடுவதில்லை. முழங்காலுக்கும் முதுகுக்கும் கூடக் கவசம் போடுகிறார்கள்.

பெற்றோர்கள் கேட்கக்கூடும்: "இவ்வளவு ஆபத்தான விளையாட்டு எதற்கு?" மரத்தில் ஏறாத பையன் உண்டா? கிணற்றில் குதிக்காத பையன் உண்டா? அவர்கள் மலை கண்டால் இறங்கத்தான் பார்ப்பார்கள். தடுத்தால் ஒளிந்து போவார்கள். எந்த சைக்கிளில் இறங்குகிறார்கள், அதில் என்ன பிரேக் இருக்கிறது என்று பார்ப்பதுதான் பெரியவர்கள் செய்யக்கூடிய காரியம்.

சைக்கிள் வாங்கும்போதும் அப்படித்தான். விலை குறைந்த சைக்கிள் ஒன்றில் பதினெட்டு கியர் இருக்கிறது என்றால், அந்த விலைக்குள் எதையோ மலிவாகப் போட்டுத்தானே பதினெட்டு கியர் கொடுத்திருக்க வேண்டும்? எங்கே மலிவு? பெரும்பாலும் பிரேக்கில்! டயரில்! ரிம்மில்! அதே பணத்துக்கு ஒற்றைப் பல்சக்கர சைக்கிள் வாங்கினால், கியருக்குப் போகிற காசு நல்ல பிரேக்குக்கும் தடித்த டயருக்கும் போகலாம். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை கியர் என்பது அல்ல. முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று, தனித்தனியாகப் பிரேக் இருக்கிறதா என்பதுதான். கைப்பிடி பிரேக்கை அமுக்கிப் பார்க்க வேண்டும். பையனின் விரல் அதற்கு எட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். தகப்பனார் விரலுக்கு எட்டினால் போதாது!

யாருடைய மலை?

இன்னொரு தகராறு இருக்கிறது. அது பெரிய தகராறு.

ரீபேக் பாதையில் பந்தயம் நடந்த நாட்களில், அந்தப் பக்கம் நடந்து போகிறவர்கள் உண்டு. குதிரையில் போகிறவர்களும் உண்டு. ஒரு வளைவு திரும்பினால் எதிரே புகையைக் கக்கிக்கொண்டு ஒரு சைக்கிள்! அவர்கள் என்ன ஆவார்கள்? முறையீடுகள் குவிந்தன. அங்கே மலை சைக்கிள் பிறந்து வளர்ந்த மண்ணிலேயே, பெரும்பாலான ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிளுக்குத் தடை வந்தது. அகலமான மண் பாதையில் மட்டும் போகலாம். அங்கேயும் மணிக்கு 15 மைலுக்கு மேல் போகக்கூடாது. குருட்டு வளைவிலும், ஆட்களைக் கடக்கும்போதும் 5 மைல்தான்!

சைக்கிள்காரர்கள் பலருக்கு இது கசப்பு. "எங்கள் விளையாட்டு பிறந்த இடத்திலேயே எங்களுக்குப் பூட்டா?" என்கிறார்கள். அவர்கள் பக்கம் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஒற்றையடிப் பாதை முழுவதையும் ஒரேயடியாக மூடுவது, மெதுவாகப் போகிறவனையும் சேர்த்துத் தண்டிப்பதாகும். சைக்கிளுக்கென்று தனிப் பாதை வெட்டிக் கொடுத்த ஊர்களில் சண்டை குறைந்திருக்கிறது.

ஆனால் வேகக் கட்டுப்பாடு தப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்? மலை இறங்குகிறவனுக்கு பூமி சும்மா பலம் கொடுக்கிறது. ஏறி வருகிற பாட்டிக்கு அப்படி யாரும் பலம் கொடுப்பதில்லை. மூச்சு வாங்க வருகிறார். ஒதுங்க நேரம் வேண்டும். ஒதுங்க வேண்டியவர் அவரா, இறங்குகிறவனா? பிரேக் வைத்திருக்கிறவன்தானே நிற்க வேண்டும்!

ரீபேக் பாதை இன்றும் இருக்கிறது. சைக்கிளில் போகலாம். பேர்பாக்ஸ் ஊரில் 2015-ல் ஒரு சைக்கிள் அருங்காட்சியகமும் திறந்திருக்கிறார்கள். பழைய கிளங்கர்களைப் பார்த்துவிட்டு, பாதையையும் பார்க்கப் பலர் வெளிநாட்டிலிருந்து கூட வருகிறார்கள். சட்டப்படி 15 மைல் வேகத்தில் போனால் அந்த 2 மைல் இறங்க 8 நிமிடம் ஆகும். கேரி பிஷருக்கு ஆனது 4 நிமிடம் 22 விநாடி. இன்றைக்கு அந்த நேரத்தில் இறங்கினால் பரிசு கிடைக்காது. அபராதம்தான் கிடைக்கும்!